கேட்டைத் திறக்கும் முன் ஒரு கையெழுத்து

மாஹிகெங்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கொராட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம், வீடுதான் தலைகீழாகக் கிடக்கிறது. நீயும் துமிசாங்கும் கேப் டவுன் காற்றில் பறந்துவிடாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை துமிசாங்கின் மாமன்மார் உனக்குப் பரிசமாக எத்தனை மாடு என்று பேச வருகிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா வாசல் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார், பாதி அவர் சட்டையில். இறைச்சி வேகவைத்து இடிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் இப்போதே பானைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது, சமையலறையில் தனியாக நின்று ஆடிக்கூடப் பார்த்தேன்.

போனில் இதைப் பேசினால் நீ அழுகிறாய், நான் பதறுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் போடுங்கள் என்றதும், "அம்மா, அவன்கிட்ட எப்படிம்மா கேப்பேன், என்னை நம்பலையான்னு மூஞ்சி வாடிடுமே" என்றாய். அவனை நானும் நம்புகிறேன் மகளே. ஆனால் அவன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போக வேன் வாங்கியிருப்பது வங்கிக் கடனில். ஒப்பந்தம் இல்லாமல் கட்டிக்கொண்டால் நம் நாட்டுச் சட்டப்படி இருவர் சொத்தும் ஒன்று, இருவர் கடனும் ஒன்று. பக்கத்து வீட்டு செயபெலோ அக்காவை நினைத்துப்பார். அவர் புருஷன் தங்கமான மனுஷன், இன்றும் அக்காவுக்குக் காலையில் தேநீர் போட்டுத் தருகிறார். அவர் லாரிக் கடன் கட்ட முடியாமல் போனபோது அக்காவின் சலூன் நாற்காலிகளைத் தூக்கிப் போனார்கள். "தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டிருந்தவளையும் சேர்த்துத் தூக்கிருப்பானுங்க, அவதான் குதிச்சு எறங்கிட்டா" என்று அக்கா இப்போது சிரிக்கிறார், அன்று சிரிக்கவில்லை. துமிசாங்கிடம் இப்படிச் சொல்: நாளைக்கு வேன் நின்றுபோனாலும் நான் கேக் சுட்டு விற்கும் அடுப்பு எரிய வேண்டும், அதில்தான் உனக்கும் சாப்பாடு. கொண்டுவந்தது அவரவருக்கு, சேர்ந்து வாழும்போது வளர்வது இருவருக்கும் சமம் என்று எழுதலாம். நாளைக்குக் குழந்தையோடு நீ வீட்டில் இருந்தாலும் உன் பங்கு எங்கும் போகாது.

இதில் தேதிதான் முக்கியம். பதிவு அலுவலகம் போகும் முன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாடு பேசி முடித்து, விருந்து வைத்து, உன்னை அவர்கள் மருமகளாக ஏற்றுக்கொண்டாலே கல்யாணம் முடிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம், பிறகு கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதனால் நம் பக்கம் பேசப்போகும் பென்யோ மாமாவிடம் போய்ச் சொன்னேன். என் தம்பி கோபத்தில் துள்ளிக் குதித்தான். "ஏன்க்கா, பொண்ணு இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வர்றதுக்கு வழி போடுறியா?" என்றான். நான், "ஒவ்வொரு மாட்டுக்கும் கொம்பு வரைக்கும் நாள் முழுக்கப் பேசுவீங்க, அது மட்டும் பாசமா? அவங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினா நம்பிக்கையில்லையா?" என்றேன். அவன் தொடை தட்டிச் சிரித்தான். நீ நேரில் பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. வந்தவர்களைக் கேட்டுக்கு வெளியே காக்கவைப்பது நம் வழக்கம்தானே, "நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டாச்சுன்னு கொராட்டா போன் பண்ணட்டும், அப்பதான் பூட்டைத் திறப்பேன். அதுவரைக்கும் அவனோட மாமனுங்க கோட்டு சூட்டோட வெயில்ல வேகட்டும்" என்று இப்போதே கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறான். அப்பா பால் வாங்கக்கூடச் சுவரேறித்தான் போகிறார்.

இருவரும் ஒருவர் சிரிக்க மற்றவர் சிரித்து நெடுநாள் வாழுங்கள். இந்த வாரமே நோட்டரியிடம் நேரம் கேட்டுவிடு. பாவம், அப்பாவுக்கு முட்டி வலி.

உன் கல்யாணக் களையில் வயது மறந்த அம்மா,
கெனெயில்வே