பொட்டலம் ஏற மறுக்கும் பலகை

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நான், அம்மா, பொட்டலம் மூவரும் நலம். நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், ஆனால் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் அவசரப்படுத்தியதில் பாதியை விழுங்கிவிட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குக் கடிதம் எழுத வராது, வேலையில் தினமும் எழுதுகிற லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் நாய் விஷயம். நீ ஹாஸ்டலுக்குப் போனதும் பொட்டலம் சோபாவின் ஒரு கையைத் தின்று முடித்தது, அடுத்த கைக்கு வந்தபோது அம்மா, வீட்டுல ஒண்ணு நாய் இருக்கணும் இல்ல சோபா இருக்கணும், எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க என்று சொல்லிவிட்டாள். பொட்டலத்தை நாய் டாக்டரிடம் கூட்டிப் போனேன், உடம்புல ஒண்ணும் இல்ல, அதுக்கு வேலைதான் இல்ல என்றவர், மைதானத்தில் நாய்களுக்குத் தடை ஓட்டம் பழக்கும் கிளப்பைச் சொன்னார். கம்பைத் தாண்டுவது, துணிக் குகைக்குள் புகுந்து வெளியே வருவது, சீசா மாதிரி நடுவில் சாயும் பலகையில் ஏறி இறங்குவது, இதெல்லாம் நாய் செய்யும், நாமும் கூடவே ஓடி வழி காட்ட வேண்டும். பழக்குகிறவர் ஒரு அக்கா, கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஊதி நான் பார்த்ததில்லை. நாய் தங்கச்சியோடதா என்று கேட்டார், மகளோடது, ஒன்பதாவது படிக்கிறா என்றேன், மேலும் கீழும் பார்த்தார். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் செய்துகொண்டால் இந்தப் பார்வையெல்லாம் பழகிவிடும்.

ஆரம்பம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கம்பைத் தரையில் போட்டுவிட்டு அதைத் தாண்டி நடந்தால் ஒரு துண்டு தீனி. நம் கேட்டையே தாண்டுகிற நாய்க்கு இது எதற்கு என்று கேட்டேன், இது நாய்க்கு இல்ல தம்பி, உங்களுக்கு என்றார். உண்மைதான், நான் கையை வலது பக்கம் காட்டிக்கொண்டே காலை இடது பக்கம் வைக்கிறேன், பொட்டலம் காலைத்தான் நம்புகிறது.

சாயும் பலகையைக் கடைசியில்தான் தருவேன், காலுக்கு அடியில அசையற சாமான், அவசரப்பட்டா கெட்டுடும் என்று அக்கா சொல்லியிருந்தார். நீ லீவுக்கு வருவதற்குள் நாயை முழுதாகத் தயார் செய்துவிட நினைத்து மொட்டை மாடியில் நானே ஒன்று செய்தேன். வேலையிடத்தில் கழித்துப் போட்ட பேரிங், நல்ல கிரீஸ், சுண்டுவிரலால் தொட்டால் சாயும். அங்கேதான் கோட்டை விட்டேன். பொட்டலம் நடுவைத் தாண்டியதும் பலகை சிமெண்டில் படீரென்று அடித்தது, அது குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. இன்னொரு தடவை ஏறினால் பயம் போய்விடும் என்று கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி ஏற்றினேன், மறுபடி படீர். அன்றிலிருந்து சாய்வாக எதைக் கண்டாலும் உட்கார்ந்துவிடுகிறது, நம் கட்டட வாசலில் இருக்கிற சரிவுப் பாதையில்கூட இறங்குவதில்லை, தூக்கிக்கொண்டு போகிறேன். நல்லா பழக்கினீங்க, முன்னாடி நடந்தாவது போச்சு என்றாள் அம்மா. அக்கா திட்டவில்லை, லிஃப்ட்டுக்குள்ள ஆளை வெச்சுக்கிட்டேவா பிரேக்கைச் சோதிப்பீங்க என்று மட்டும் கேட்டார்.

பேரிங்கைக் கழற்றிவிட்டேன். பலகையைத் தரையில் போட்டு, தீனியை அதன்மேல் சிதறிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், கூப்பிடுவதில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். முதலில் கழுத்தை நீட்டி ஓரத்தில் கிடந்ததை மட்டும் தின்றது, பிறகு ஒரு கால், பிறகு நாலு கால். இப்போது அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் ஆடும். நேற்று அது கால் வைத்ததும் பலகை டொக் என்று தரையில் தட்டியது, பின்னால் துள்ளிப் போய் என்னைப் பார்த்தது, நான் பேசாமல் இருந்தேன், திரும்பி வந்து அதுவாகவே இன்னொரு டொக். அவ்வளவுதான் முன்னேற்றம். லீவுக்குள் தயாராகாது, சொல்லிவிடுகிறேன்.

இப்போது உன் விஷயம். நீச்சல் வகுப்பில் ஆழமான பக்கம் குதிக்க வைத்ததிலிருந்து தண்ணீரில் இறங்கவே பிடிக்கவில்லை என்றாய், நானும் யோசிக்காமல், கண்ணை மூடிட்டு இன்னொரு தடவை குதி, பயம் போயிடும் என்றேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மாடியில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, வேலை செய்யாது. கால் எட்டுகிற பக்கம் படியில் உட்கார், காலை மட்டும் நனை, எத்தனை நாளானாலும் சரி. உங்கள் நீச்சல் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன், மத்த பசங்க எல்லாம் குதிக்கிறாங்களே சார் என்றார், அவங்க குதிக்கட்டும் மேடம், இவ உட்காரட்டும் என்றேன். சரி என்றார்.

நீ எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசியும். ஈரத் தலையைப் பின்னாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். ஒன்று மறந்துவிடாதே, லீவுக்கு வரும்போது பொட்டலத்தை வாசலுக்குக் கூட்டி வந்து மேலே நிறுத்தியிருப்பேன், நீ சரிவுப் பாதையின் கீழே நின்று கூப்பிடாதே, பெட்டியை வைத்துவிட்டுச் சும்மா நில். அது இறங்கினாலும் இறங்கும். இறங்காவிட்டால் நீ ஏறி வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அவசரக்கார அப்பா