நாற்பதைத் தாண்டினால் உதறுகிறது

2 ஜூலை 2024, செவ்வாய்

இன்றும் ஜீப் உதறியது. மணலி சாலையில் நாற்பதைத் தொட்டதும் இருக்கைக்கு அடியிலிருந்து யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி. முப்பத்தைந்துக்கு இறக்கினால் அடங்கிவிடுகிறது. பின்னால் ஆறு பேர். ஜெயவேல் முன்னால் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். அவர்தான் அந்த ஆட்களுக்கு மேஸ்திரி. எண்ணூர்க் கழி ஓரம் சேற்றில் நிற்கும் மின்கோபுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவருவது அவர்கள் வேலை. மற்ற வண்டி புதைகிற அந்தத் தடத்தில் அவர்களைக் கொண்டுபோய் விடுவது என் வேலை. எட்டு மாதமாக.

“இன்னாக்கா, வண்டி இப்டி ஆடுது? கழியில பாதில நின்னுகிச்சுனா நாங்க இன்னா பண்றது?”

“பாக்கறேம்பா” என்றேன்.

சனிக்கிழமையிலிருந்துதான் இப்படி. வியாழன் அன்று மொஹ்சின் பாய் ஷெட்டில் விட்டு ஆயில் மாற்றி, கிரீஸ் அடித்து வாங்கிவந்தேன். வரும்போது நெரிசல், இருபதைத் தாண்டவில்லை. வெள்ளி கல்யாணத்துக்கு பஸ்ஸில் ஆம்பூர் போய்விட்டேன். சனி காலை எடுத்தால் உதறல். ஷெட்டுக்குப் போகும்வரை நன்றாக இருந்தது. போய்வந்த பிறகு கெட்டது. வேறு என்ன நினைப்பது?

3 ஜூலை, புதன்

விம்கோ நகர் ஷெட்டுக்குப் போனேன். மொஹ்சின் பாய் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாக எடுத்துக்கொண்டு போனார். திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்தார். துடைக்க அந்தக் கையில் ஒன்றுமே இல்லை.

“டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்டுச்சும்மா.”

நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அது போனால் இந்த வயசு ஜீப்புக்குக் கிட்டத்தட்ட உயிர் போன மாதிரிதான்.

“அடியில படுத்துக்கூடப் பாக்கலியே பாய்?”

“சத்தத்துலயே தெரியுதும்மா. இத்தப் போய் சரி பண்ணிகினு... வித்துட்டு நிம்மதியா இரு. ஆளுகூட ஒருத்தரு கீறாரு.”

நான் ஆள் கேட்கவே இல்லையே.

வீட்டில் சொன்னேன். இவர் அதிரவில்லை. “மொஹ்சின் சொன்னா சரியாத்தான் இருக்கும். குடுத்துடலாம்” என்றார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஜீப்பின் பானட்டைக்கூட வேறு ஒருத்தன் தூக்க விடாத ஹபீபுல்லா! கன்டெய்னர் லாரி உரசி இடது காலில் பிளேட் வைத்த அன்றுகூட, மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது வண்டியைத்தான். கிளட்சை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் லைசென்ஸ் எடுத்தேன்.

தோஸ்து சொன்னால் எல்லாம் சரியா? இவரை நன்றாக ஏமாற்றுகிறார் மொஹ்சின் பாய்.

5 ஜூலை, வெள்ளி

‘ஆள்’ வந்தார். மணலிக்காரர். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைத்தான் புரட்டினார். கெட்டுப்போன வண்டி வாங்க வந்தவன் என்ன கெட்டது என்று கேட்க மாட்டானா?

நான் டீ கொண்டுவந்ததும் பேச்சு நின்றது. இவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிறகு சமையலறையில் இருக்கும்போது இவர் போனில் மெதுவாக, “ஒத்துக்க மாட்டன்றாடா” என்றது கேட்டது.

6 ஜூலை, சனி

ஜெயவேல் சொன்னார்: “ஆபீஸ்ல வேற வண்டி பாக்கச் சொல்றாங்கக்கா. ஒரு வாரம் டைம் கேட்டுக்கீறேன்.”

ஒரு வாரம்.

7 ஜூலை, ஞாயிறு

கை இரண்டும் கறுப்பு. சோப்பு போட்டும் நகக்கண்ணில் போகவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பஞ்சர் கடையில் நேற்றே முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதே உதறல். டயர் இல்லை. மிச்சம் பெட்டி, இல்லையென்றால் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகிற ஷாஃப்ட்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரியும் என்று போனில் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே எனக்கும் பாதி தெரியும்.

முதலில் முன் ஷாஃப்டைக் கழற்றினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் ஞாயிறு காலை லாரி குறைவு. நாற்பதில் உதறியது. சரி, முன்னது இல்லை.

அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் பின் ஷாஃப்டுக்குப் போனேன். இந்த ஜீப்பில் கைப்பிரேக் பிடிப்பதே பின் ஷாஃப்டைத்தான். அதைக் கழற்றினால் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். நாலு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தேன். கடைசி போல்ட் வெளியே வந்ததும் ஒரு விரல் அளவு நகர்ந்து செங்கல்லில் இடித்து நின்றது. நான் அடியில் இருந்தேன்.

மாடி ஜன்னலிலிருந்து இவர் கத்தினார்: “அதுல கை வெக்காத மலிகா! உனக்கு இன்னா தெரியும்?” முன்னதைக் கழற்றியபோது சும்மா இருந்தவர். பின்னதைத் தொட்டதும்தான் கத்தினார். வண்டி உருளும் என்ற பயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஃபோர் வீல் போட்டு, முன் சக்கரத்தை மட்டும் நம்பி ஓட்டினேன். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. தண்ணீரில் போகிற மாதிரி போனது. பெட்டி கெட்டிருந்தால் இப்படி ஓடுமா? பாய் சொன்னது பொய்.

பின் ஷாஃப்டை வாசலில் செய்தித்தாள் மேல் போட்டுப் பார்த்தேன். குழாயில் சொட்டை இல்லை. இரண்டு முனையிலும் உள்ள கிராஸ், அந்தச் சிலுவை மூட்டு, லேசாகத் திரும்புகிறது, ஆட்டம் இல்லை. அப்படியானால் என்ன? அரை மணி நேரம் புரியவில்லை. பிறகு நடுவைப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு துண்டு அது, நீளவும் குறுகவும். இரண்டிலும் ஒரு அம்புக்குறி வெட்டியிருக்கும், இரண்டும் எதிரெதிரே வர வேண்டும். இதில் ஒன்று மேலே பார்க்கிறது, ஒன்று பக்கவாட்டில். கால் சுற்று விலகல். அங்கே பல் இருக்கிறது, தானாகத் திரும்பவே திரும்பாது. அந்த இணைப்பின் மூடியில் புதிதாகக் குறடு கடித்த தடம்.

யாரோ உருவி, திருப்பி, மாட்டியிருக்கிறார்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டேன். அம்பை அம்புக்கு நேராக வைத்து மாட்டினேன். ஐம்பத்தைந்து வரை போனேன். உதறல் இல்லை.

8 ஜூலை, திங்கள்

வேலை முடிந்து நேராக ஷெட். நாலு பேர் நின்றிருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் கத்தினேன். தோஸ்து வூட்டு சோத்துலயே மண்ணப் போடுறியான்னு கேட்டேன். ஆள ரெடியா வெச்சிகினுதானே கெடுத்தேன்னு கேட்டேன். வாயில வந்ததெல்லாம்.

நான் நீட்டிய போட்டோவையே அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான்தாம்மா. கிரீஸ் வெக்க உருவுனேன். தப்பா மாட்டிட்டேன் போல.”

“முப்பது வருசமா தப்பா மாட்டாத கையி?”

“திட்டும்மா. திட்டிட்டுப் போ.”

திட்டு வாங்கி அப்படி நிற்கிற மனுஷன் இல்லை அவர். ஏன் நின்றார்?

9 ஜூலை, செவ்வாய்

கிரீஸ் அடிக்க உருவத் தேவையே இல்லை. முனையில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் போதும். பக்கத்தில் நின்று நூறு தடவை பார்த்திருக்கிறேன். பாய் பொய் சொல்கிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? தன்னைக் காப்பாற்ற யாராவது ‘நான்தான்’ என்பார்களா? அப்படியானால் யாருக்காக?

10 ஜூலை, புதன்

காலையில் குழாயடியில் கீழ்வீட்டு ரோசி கேட்டாள்: “உங்க வூட்டுக்காரருக்கு கால் இப்போ எப்டி கீதுக்கா?”

“அதே மாதிரிதான். ஏன்?”

“அன்னிக்கு வண்டிக்கு அடியில போய் மாட்டிகினாரே. எய்ந்துக்கவே முடியல. எங்க வூட்டுக்காரருதான் தோளப் புடிச்சி இழுத்து வெளில வுட்டாரு. சொல்லல?”

“என்னிக்கு?”

“நீ கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு. சாய்ங்காலம்.”

குடம் நிரம்பி வழிந்தது. அவள்தான் குழாயை மூடினாள்.

சனிக்கிழமை துவைத்த இவருடைய கைலியில் பின்பக்கம் முழுக்க மண்ணும் கிரீஸும். நான்தான் துவைத்தேன். இரண்டு தடவை தேய்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் உள்ளவனையெல்லாம் சந்தேகப்பட்டேன்...

மேலே போய்க் குடத்தை வைத்துவிட்டு, “நீங்கதானே?” என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

“ஏங்க?”

காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ஏழு மணிக்கு நீ கெளம்பிப் போய்டுவ. தெருக்கோடி திரும்பற வரிக்கும் அந்த சத்தத்தக் கேட்டுகினு உக்காந்துருப்பேன். அப்பறம் நீ வர்ற வரிக்கும் இன்னா பண்றது நானு? நீ பயந்துகினு வுட்டுடுவன்னு நெனச்சேன். நாப்பதுக்கு மேல போமாட்ட, ஒண்ணும் ஆவாதுன்னு...”

“ஷாஃப்ட் அறுந்து ரோட்டுல குத்திகிச்சுனா? பின்னாடி ஆறு பேரு இருந்தாங்க. முன்னாடி நான் இருந்தேன்.”

அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இவர் சொன்ன வலி பொய் இல்லை, தெரிகிறது. ஆனாலும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் ஊர்ந்து, ஒரு முனையின் நாலு போல்ட்டைக் கழற்றி, திருப்பி, நாலு போல்ட்டை இறுக்கியிருக்கிறார். அத்தனை நேரத்தில் ஒரு தடவையாவது வேண்டாம் என்று தோன்றவில்லையா? கல்யாண வீட்டிலிருந்து போன் செய்தேனே அன்றைக்கு. சாப்பிட்டீங்களா என்று கேட்டேனே.

11 ஜூலை, வியாழன்

பேசவில்லை. சோறு வைத்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

மொஹ்சின் பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாதிதான் கேட்டேன்.

அன்று ஓட்டிப் பார்த்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டதாம். “நான் சரியாக் குடுத்த வண்டிம்மா. வழியிலயே நிறுத்தி அடியில பாத்தேன். அவனுக்குப் போன் போட்டேன். கொழந்த மாதிரி அழுவறான். இன்னா பண்ணுவேன்? சீக்கிரம் வித்துட்டா ஆபத்து போய்டும்னு பாத்தேன்.”

“தெரிஞ்சும் அதே வண்டியில என்ன அனுப்பிச்சீங்களே பாய்.”

தலையைக் குனிந்துகொண்டார். “அவன என்கிட்ட அனுப்பு. உக்காந்து செய்ற வேல இங்க எவ்ளோ கீது” என்றார்.

“நீங்களே கேளுங்க” என்று வந்துவிட்டேன்.

15 ஜூலை, திங்கள்

போன வாரம் முழுக்க நான் நாற்பதைத் தாண்டவில்லை. இன்று ஐம்பதில் போனபோது ஜெயவேல் கம்பியை விட்டார். “சூப்பர்க்கா. இன்னா கோளாறு?”

“ஷாஃப்ட கோணலா மாட்டி இருந்துச்சு.”

“எவன் மாட்னது?”

ஒரு லாரியை முந்துகிற மாதிரி ஹாரன் அடித்தேன். இதே வண்டி தொடரும் என்று அவர் ஆபீசுக்குச் சொல்லிவிட்டாராம். அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன் போலிருக்கிறது.

28 ஜூலை, ஞாயிறு

மொஹ்சின் பாய் வந்து இரண்டு மணி நேரம் இவரோடு அறையில் பேசினார். இந்தத் தடவை நான் டீ கொண்டுபோனபோது பேச்சு நிற்கவில்லை. நான்தான் நிற்காமல் வந்துவிட்டேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

இவருக்கு ஷெட்டில் முதல் நாள். ஆறரைக்கே நானே ஏற்றிக்கொண்டு போனேன். சாலையில் ஐம்பதைத் தொட்டபோது மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். “நல்லா மாட்டிக்கீற” என்றார்.

“ம்” என்றேன்.

விம்கோ நகரில் இறங்கித் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் மழித்திருந்தார், சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது எனக்கு, இல்லை என்று சொல்ல முடியாது. “பாத்துப் போ” என்றார். கண்ணாடியில் அவர் சின்னதாகும்வரை கையைத் தூக்கியபடியே நின்றார்.

திருப்பத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். சாக்கை விரித்து அடியில் படுத்து, முன்னால் எட்டு போல்ட், பின்னால் எட்டு போல்ட், எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். அம்புக்குறியைத் துடைத்துப் பார்த்தேன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நேற்றும் அப்படித்தான் இருந்தன. தூசியைத் தட்டிக்கொண்டு, ஜெயவேல் ஆட்களை ஏற்றப் போனேன்.