இமாம் மயங்கினாராம்

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக்குப் புது பிரேம் போட்டேன். மூக்கில் உட்கார மாட்டேன் என்கிறது.

கணக்கு போன் செய்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே துருக்கி உணவகம் ஒன்று திறந்திருக்கிறார்களாம். இந்த மாதச் சாப்பாடு அங்கேதான் என்று அவளே தீர்மானித்துவிட்டாள். வேலையில் இருந்த காலத்திலிருந்தே மாதம் ஒருமுறை வெளியே சாப்பிடுகிறோம், இப்போது மூவர்: கணக்கு டீச்சர், பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்ட லைப்ரரி, இலக்கணம் நடத்திய நான். பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

முன்பு நாலு பேர். படம் வரையச் சொல்லிக்கொடுத்த ஓவியம் இப்போது வருவதில்லை. ஒன்பது வருடம் ஆயிற்று. அதை இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 8, சனி

நாலு நாற்காலி மேசை. நாலாவதில் வழக்கம்போல எங்கள் கைப்பைகள்.

ரொட்டி பந்து மாதிரி உப்பி வந்தது. "இதுக்குக் கன அளவு கண்டுபிடி பார்ப்போம்" என்று கணக்கைச் சீண்டினாள் லைப்ரரி. கணக்கு விரலால் ஒரு குத்துக் குத்தினாள். புஸ்ஸென்று ஆவி போனது. "இப்போ பூஜ்யம்."

கடைக்காரர் பெரிய மீசைக்காரர். சமையலும் அவரே. அவருடைய ஆங்கிலமும் நொண்டி, எங்களுடையதும் நொண்டி. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. கத்தரிக்காயைக் கீறி, வெங்காயமும் தக்காளியும் அடைத்து, ஆலிவ் எண்ணெயில் மிதக்கவிட்டு ஒரு பதார்த்தம் கொண்டுவந்தார். பெயர் 'இமாம் பயில்டி' என்று பட்டியலில் இருந்தது. அவர் வாயில் கடைசி எழுத்து 'டு' என்றே வந்தது. உதடு குவியாத உகரம்! நம் குற்றியலுகரம் இங்கே எப்படி வந்து உட்கார்ந்தது? எனக்கு அப்போதே காது நிமிர்ந்துவிட்டது.

பொருள் கேட்டேன். இமாம் மயங்கினார். மனைவி சமைத்ததைத் தின்று ருசியில் மயங்கினார் என்பார்கள். எவ்வளவு எண்ணெய் செலவானது என்று கேட்டு மயங்கினார் என்றும் சொல்வார்கள்.

"எண்ணெய்க்குத்தான் மயங்கியிருப்பார். நானா இருந்தாலும் மயங்குவேன்" என்றாள் லைப்ரரி.

"மயங்கினதை யார் பார்த்தது?" என்று கேட்டேன். வகுப்பில் எந்தக் கதைக்கும் கேட்கிற கேள்விதான். மீசைக்காரர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: அவர்கள் பேச்சில், கண்ணால் பார்த்ததைச் சொன்னால் வினை 'டு' என்று முடியும். பிறர் சொல்லிக் கேட்டதென்றால் 'முஷ்'. கதையாகச் சொல்லும்போது 'பயுல்முஷ்' என்பார்கள். பதார்த்தத்தின் பெயரில் மட்டும், யாரோ பக்கத்தில் நின்று பார்த்ததுபோல, 'பயுல்டு'.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மயங்கினார். மயங்கினாராம். அதேதான்! எங்கேயோ இருக்கிற ஒரு பாஷை, நம்மைப் போலவே வினைக்கு வால் வைத்து, 'நான் பார்க்கவில்லை, பொறுப்பு எனக்கில்லை' என்கிறதே. நம் 'ஆம்' பற்றி அவருக்குச் சொன்னேன். "ஆம், ஆம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்து செருப்பு வாரைச் சரிசெய்தபடி லைப்ரரி சொன்னாள்: "விஷயம் தெரியுமா? ஓவியம் வீட்டைக் காலி பண்றாளாம். சாமானெல்லாம் வாசல்ல கிடக்குதாம்."

இரண்டு ஆம்.

மார்ச் 9, ஞாயிறு

துருக்கி விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முப்பத்தஞ்சு வருஷம் இலக்கணம் நடத்தினே. 'ஆம்'னா என்னன்னு துருக்கிக்காரர் வந்துதான் சொல்லணுமா?" என்றார். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

விசித்திரமான சொல். தனியே நின்றால் 'உண்மை' என்று பொருள். வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டால், 'எனக்குத் தெரியாது, யாரோ சொன்னார்கள்'. உதாரணம் தேடினேன். வந்தது ஒன்றே ஒன்று. எழுதிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற எனக்குப் பள்ளியில் விடை கொடுத்த அன்று, கையில் பூங்கொத்தோடு வெளியே வருகிறேன். யாரோ காதில் போட்டார்கள். ஓவியம் சொன்னாளாம்: "இலக்கணம் போயிட்டா. இனிமே பசங்க மத்தியானம் எங்கே தூங்குவாங்க?"

சொன்னாளாம். அந்த ஒரு வாலைப் பிடித்துக்கொண்டா ஒன்பது வருடம் அவளோடு பேசாமல் இருந்தேன்?

மார்ச் 11, செவ்வாய்

கணக்கைக் கேட்டேன். "நீ காதால கேட்டியா?"

"நானா? லைப்ரரி சொல்லித்தான் எனக்கே தெரியும்."

லைப்ரரியைக் கேட்டேன். "ஐயையோ, நான் கேக்கலடி. கணக்குதான் வந்து சொன்னா."

மறுபடி கணக்கு. லைப்ரரி சொன்னதைச் சொன்னேன். "வட்டத்துக்கு ஆரம்பப் புள்ளி கிடையாதுடி" என்றாள். சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வரவில்லை.

மார்ச் 12, புதன்

போகலாமா? போய் என்னவென்று கேட்பது?

மார்ச் 13, வியாழன்

நிஜமாவே காலி பண்ணிட்டுப் போயிட்டான்னா? எந்த ஊருன்னு யாரைப் போய்க் கேப்பேன்? அதையும் 'போயிட்டாளாம்'னுதானே கேக்கணும் — சே. மாணவன் ஒருவன் இப்படி ஒன்பது வருடம் விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 14, வெள்ளி

போனேன்.

வாசலில் இரும்புக் கட்டில், நிலைக்கண்ணாடி, சுருட்டிய பாய்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே ஏணியின் மேல் ஓவியம். தலையில் துண்டு, மூக்கில் மஞ்சள் வர்ணம். பாதிச் சுவர் மஞ்சளாகியிருந்தது.

என்னைப் பார்த்தாள். "வா. அந்த டப்பாவை எடு." நேற்றுத்தான் பார்த்ததுபோல.

எடுத்துக் கொடுத்தேன். "வீட்டைக் காலி பண்றியாமே?"

"யாரு சொன்னா? சுவத்துக்கு வர்ணம் அடிக்கறேன். சாமானை வெளியே வெச்சா ஊரைவிட்டே அனுப்பிடுவீங்க போல!"

ஓர் ஆம் பொய் என்று ஆயிற்று. மற்றதும் பொய்யாகத்தான் இருக்கும் என்ற தைரியத்தில் கேட்டேன்.

"சொன்னேன்" என்றாள், ஏணியிலிருந்து இறங்காமலே. "மத்தியானம் எங்கே தூங்குவாங்கன்னு கேட்டேன். ஏன், தூங்கலியா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. சாப்பாட்டுக்குப் பின் வேற்றுமை உருபுகள். கடைசி பெஞ்சில் வரிசையாகச் சாய்ந்த தலைகள்.

"தூங்கினாங்க" என்றேன்.

தூரிகை கொஞ்ச நேரம் சுவரில் போய்வந்தது. பிறகு அவள் முறை. "பூசணிக்காய் வரையறதுக்கு ஒரு பீரியடான்னு ஹெட்மாஸ்டர்கிட்ட நீ கேட்டியாமே?"

இவளுக்கும் ஒரு வாலைக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சை நேரம், பாடம் முடியவில்லை, அவள் பீரியடை எனக்குத் தரும்படி கேட்கப் போயிருந்தேன்.

"கேட்டியாமே இல்ல. கேட்டேன்."

அவள் தூரிகையை டப்பாவில் தோய்த்தாள்.

"பூசணிக்காய் நல்லாத்தான் வரைஞ்சாங்க" என்றேன்.

"நல்லாத்தான் தூங்கினாங்க" என்றாள்.

அவள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். மீதிச் சுவர் முடியும்வரை பிடித்துக்கொண்டேதான் நின்றேன். கை இன்னும் வலிக்கிறது.

மார்ச் 15, சனி

சீப்பில் மஞ்சள் வர்ணம்.

ஏப்ரல் 5, சனி

கைப்பைகள் இன்று அவரவர் மடியில்.

ஓவியம் பட்டியலைப் பார்க்கவில்லை. "அந்த மயக்கக் கத்தரிக்காய்தான்" என்றாள். வந்ததும் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, "இந்த ஊதாவை வர்ணத்துல கொண்டுவரவே முடியாது" என்றாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். கண் மேலே போனது. அப்படியே சரிந்து என் தோளில் விழுந்தாள்.

"ஐயோ, தண்ணி! தண்ணி!" என்று அலறினாள் கணக்கு. லைப்ரரியின் கை பட்டுத் தேநீர்க் குவளை கவிழ்ந்தது. மீசைக்காரர் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். தோளில் கிடந்தவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தாள்.

அவர் மேசையில் ஓங்கித் தட்டினார். "பயுல்டு!"

முஷ் இல்லை. டு.

வீடு திரும்புவதற்குள் கணக்கு போன் செய்துவிட்டிருக்கிறாள். கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்: "ஓவியம் மயங்கி விழுந்துட்டாளாமே?"

"ஆம் வேண்டாங்க" என்றேன். "விழுந்தா. என் மேலதான் விழுந்தா."

புடவைத் தோளில் எண்ணெய்க் கறையைக் காட்டினேன். என் மூக்கிலிருந்த புதுக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, கிட்டே வந்து பார்த்தார்.