விரிப்பின் மறுமுனையில் அவள்

மகனே,

நாங்கள் இங்கே நலம், நலமில்லாமல் கிடக்க யாருக்கும் நேரமில்லை. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, மரமறுக்கும் மில்லில் வேலை பார்த்து இரண்டு வேளை சாப்பிடுகிறாய் என்று ரயிலில் நீ விட்டுப்போன பையைக் கொடுக்க உன்னை அங்கே தேடி வந்த லாரி டிரைவர் சொல்லிவிட்டார். நாலு வருஷம் எதிரியின் முகாமில் கிடந்தவன் விடுதலையாகி வருகிறான் என்று அப்பா சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார், அக்கா கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்தாள், காலையிலிருந்து பிளாட்பாரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்த டிரைவரோடு சேர்த்து, உன்னோடு அடைபட்டிருந்த பதினேழு பேர் இறங்கினார்கள். நீ, வண்டி தண்ணீர் பிடிக்க நின்ற ஜங்ஷனில் "இதோ வந்துடறேன்" என்று போனவன்தானாம். நல்ல பிள்ளை பெற்றேன்.

முகாமில் உன்னோடு கிடந்த உன் சிநேகிதன் நெட்டையன் எப்படிச் செத்துப்போனான் என்பதையும் டிரைவர்தான் சொன்னார். எல்லை தாண்டியதும், காய்ந்த வயிறு தாங்காது, ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடுங்கள் என்று கம்பவுண்டர் படித்துப் படித்துச் சொல்லியும், அவன் கெஞ்சினான் என்று உன் பங்கு ரொட்டியையும் டின் இறைச்சியையும் அவனிடம் தள்ளிவிட்டாயாமே, முட்டாள்! மறுநாள் மத்தியானம் உன் மடியிலேயே போய்விட்டான். வழியில் அடக்கம் செய்தது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை, ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய காகிதத்தில் இன்னமும் நீங்கள் இரண்டு பேரும் வண்டி ஏறியதாகத்தான் இருக்கிறது. நான்தான் கொன்றேன் என்று தலையில் அடித்துக்கொண்டாயாம். பசித்தவனுக்குக் கொடுத்தாய், அதற்கு நான் உன்னைத் திட்டவில்லை. ஓடி ஒளிந்தாயே, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது.

அவன் அம்மா, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என் ஜோடி என்பது மறந்துபோச்சா? பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, நடந்து போய் என் முனையை அவள் கையில் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு, அறுபது தடவை அவள் முகத்துக்கு நேரே போய் நிற்கிறேன். "ரெண்டும் சேந்து எங்கயோ ஊர் சுத்துதுங்கக்கா, வரட்டும், காதைத் திருகிடறேன்" என்று சிரிக்கிறாள். டிரைவர் "அந்தம்மா மூஞ்சில என்னால முழிக்க முடியாது, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று கையைக் கழுவிவிட்டார். உன் அப்பா அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார். ஆம்பிளைகளாம்! மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் சோப்பு தீர்ந்துவிட்டது என்று எதையோ சொல்லி மூடிக்கொண்டேன். நான் ஏன் சொல்ல வேண்டும்? கடைசியில் அவன் என்ன பேசினான், யாரைக் கூப்பிட்டான் என்று அவள் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? பக்கத்தில் இருந்தவன் நீ.

சனிக்கிழமை வண்டியில் வா. உடம்பு சரியில்லை, மில்லில் லீவு இல்லை என்ற கதையெல்லாம் வேண்டாம். தாடியை எடுத்துவிட்டு வா, இருமல் இருந்தால் கழுத்தில் துணி சுற்றிக்கொள். நடுவில் எங்கேயாவது இறங்கினால் அதோடு எனக்குப் பிள்ளை இல்லை. நீ வருகிறாய் என்று அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நீ மட்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. உடனே கடைக்கு ஓடி, இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைக்க உட்கார்ந்துவிட்டாள். உன் அளவு கேட்டாள், சொன்னேன். அவன் இளைத்திருப்பானா என்று கேட்டாள், அதற்கும் தலையாட்டினேன்.

ஆண்டவன் உனக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும். பிளாட்பாரத்தில் அவள் பக்கத்தில்தான் நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா