குருவி கொத்திய இறக்கை

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? உன் படம் ஒருநாள் கதவு அளவுக்குப் பெரிதாகும், படித்தவர்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள் என்று அந்த எருக்கம்புதரில் வைத்தே சொன்னேன். நீதான் சிரித்தாய். இப்போது பார், என் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உன் மகள் எஸ்தர் இன்று காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். உன் வீட்டுப் படிக்கட்டில் அது திரும்பவில்லையாம். புது மை வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. நாளைக்கு வேலூரில் ஒரு கல்லூரியில் கண்காட்சி. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது, உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் எனக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

போனில் பார்த்தபோது அந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் இடது இறக்கையில் இருந்த வெளிறல் கடுகளவுதான். இப்போது தோசை அளவு. அந்த இடத்தில் செம்மஞ்சள் தூள் போய், கண்ணாடித்தாள் மாதிரி வெறும் சவ்வு தெரிகிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். கீழே எஸ்தர் அச்சடித்து ஒட்டியிருக்கிறாள்: ‘குருவியின் அலகிலிருந்து தப்பியது.’ எல்லாம் நான் அவளுக்குச் சொன்ன கதைதான்.

அங்கே ஒரு விதி இருக்கிறதாம். பூச்சியைத் தொட்டோ இடம் மாற்றியோ எடுத்த படம் என்று தெரிந்தால் எல்லார் முன்னாலும் இறக்கிவிடுவார்களாம். தொடவில்லை என்று உனக்காக எஸ்தர் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பூச்சிகளைப் பற்றியே படித்த ஒரு அம்மா வந்து ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி கேட்பாராம்.

“மாமா, அன்னிக்கு அப்பாகூட நீங்கதான இருந்தீங்க? மேடம் கேட்டா குருவி கதைய நீங்களே சொல்லிடுங்க.”

“முட்டி வலிம்மா. அவ்ளோ நேரம் நிக்க முடியாது.”

“சேர் போடச் சொல்றேன்.”

“படிச்சவங்க முன்னாடி எனக்குப் பேச்சு வராதே.”

“உங்களுக்கா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நீயும் நானும் தோல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் தோல் தரம் பிரித்தவர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தோலைச் சாய்த்துப் பிடித்து, உண்ணி கடித்த தழும்பைக்கூடக் கண்டுபிடிப்பாய். வேகத்தில் நான் உன்னைவிட ஒரு படி மேல், அது வேறு விஷயம். அந்தக் கண்ணோடுதான் ஞாயிறு ஜெபம் முடிந்ததும் பாலாற்றங்கரைக்கு வருவாய். போனில் ஒரு குட்டி லென்சை மாட்டிக்கொண்டு எருக்கஞ்செடிக்கடியில் வயிற்றை மண்ணில் வைத்துப் படுப்பாய். வரி வரியாக இலையைத் தின்னும் புழு, மணி மாதிரி தொங்கும் பச்சைக் கூடு, கறுப்புத் தலையில் வெள்ளைப் புள்ளி, கடிகாரச் சுருள் போல மடித்து வைத்த உறிஞ்சுகுழல். எல்லாம் நீ காட்டித்தான் நான் பார்த்தேன். வெளிச்சத்தை மறைக்கும் ஒரு இலையை நான் ஒடிக்கப் போனால்கூட உனக்குக் கோபம் வரும். “கை வச்சா அது படமே இல்லடா. நம்ம வேல பாக்கறது மட்டும்தான்” என்பாய்.

அந்தக் கூட்டுக்கு ஒன்பது நாள் காவல் இருந்தோம். முக்கால்வாசி நான்தான். கடைசி ஞாயிறு கூடு கறுத்து, உள்ளே இறக்கை நிறம் தெரிந்தபோது உன் போனில் சார்ஜ் தீர்ந்தது. மேலே ரோட்டில் நின்ற வண்டியிலிருந்து பவர்பேங்க் எடுக்க ஓடினாய். நீ போன நேரம் பார்த்து அது வெளியே வந்தது. ஈர இறக்கையை மெதுவாக விரித்துக் காயவைத்தது. நீ மூச்சிரைக்க வந்து நின்று அதைப் பார்த்தாய்.

“இன்னாடா ஆச்சு இதுக்கு?”

“ரெட்டைவால் குருவி ஒண்ணு விர்ருனு வந்து கொத்திச்சு. கல்ல எடுத்து வுட்டேன் பாரு, குருவி றெக்க பறந்துச்சு!”

“இத குருவி தொடாதேடா. எருக்கம்பால் குடிச்சு வளந்தது, கசக்கும்.”

“புதுக் குருவி போலக்குது. அதுக்கு இன்னா தெரியும்?”

நீ போனில் பவர்பேங்க்கை மாட்டினாய். படுத்துப் படம் எடுத்தாய். பிறகு அது பறக்குமா பறக்காதா என்று இருவரும் குந்திக்கொண்டிருந்தோம். இறக்கையைத் தூக்கும், சாயும், மறுபடி தூக்கும். கடைசியில் அடுத்த செடிக்குத் தாவி, அங்கிருந்து ஆற்றுமணலைத் தாண்டிப் போனது. “பொழச்சுக்குச்சு” என்றாய். அன்றைக்கு நான் அழுததற்குத் தூசி காரணம் என்று சொன்னேன்.

நாளைக்கு அந்த அம்மாவும் நீ கேட்டதையேதான் கேட்பார். புதுக் குருவி என்று சொன்னால் அவர் விடுவாரா? கை பட்ட இறக்கை என்று அவர் கண்டுபிடித்தால் பழி உன் தலையில்தான் விழும். கடைசிவரை ஒரு இலையைக்கூட ஒடிக்காதவன் நீ. எஸ்தர் அந்தக் கூட்டத்தில் எந்த முகத்தோடு நிற்பாள்? காலை ஆறு மணிக்கு வண்டியோடு வருகிறாள். படத்தை ஏற்றும் முன் அவளிடம் சொல்லிவிடுவேன். கொண்டுபோவதா வேண்டாமா என்று அவளே முடிவு பண்ணட்டும். அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டும்.

மேசையில் நம் பழக்கம் உனக்குத் தெரியும். சாயமேற்றிய தோல் வந்தால் கட்டைவிரலில் எச்சில் தொட்டு ஒரு தேய்ப்பு, கலர் விட்டால் அது தள்ளுபடி. அப்படி ஒரு செம்மஞ்சளை என் ஆயுசில் எந்தத் தோலிலும் பார்த்ததில்லை. கை தானாக அந்த இறக்கைக்குப் போய்விட்டது. கலர் விட்டது. விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் நீ மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாய்.

நீ நம்பினாயா, நம்பின மாதிரி இருந்துவிட்டாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன். குருவி மட்டும் வரவே இல்லை, தோஸ்த்.