மூன்று கவரும் ஒரு டப்பாவும்

இன்று காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். குப்பென்று பூண்டு வாசனை. உன் வீட்டில்தான் நிற்கிறேன் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். உன் வீட்டு டீ எப்போதும் பூண்டு மணக்கும், நான் கேலி செய்துகொண்டே குடிப்பேன். இப்போது என் வீட்டு டீயும் அப்படித்தான் இருக்கிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் போடுகிறவன் நீ. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு ஒரே ஷிப்டு பார்த்தவன். நம் வெயிலுக்குப் பூண்டு திரளாது என்று எல்லோரும் சொன்னோம். "குளுர்ல தூங்கவெச்சி எழுப்புனா திரளும்பா" என்று விதைப்பல்லை ஃபிரிட்ஜில் வைத்தாய். கம்பெனியில் பீகார்க்காரர், ஒடிசாக்காரர் யார் லீவில் கிளம்பினாலும் மற்றவர்கள் இனிப்பு கேட்பார்கள். நீ ஒரு பிடி ஊர்ப் பூண்டு கேட்பாய். உனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை, பூண்டுக்கு அவர்கள் சொல்லும் 'லசுன்'.

வந்ததில் பாதி அழுகியது, மூன்று ரகம் நின்றது. அறுவடையில் பெரிய பல் விதைக்கு, சின்னது குழம்புக்கு என்பது உன் சட்டம். ஒடிசா வெல்டர் கொடுத்த ரகம் மட்டும் எத்தனை முறை பொறுக்கி நட்டாலும் சின்னதாகவே வந்தது.

"இத இன்னாத்துக்குபா கட்டிக்கினு அழுவுற? பெருசு ரகத்த மட்டும் போடு" என்றேன் நான்.

"பூண்டுக்கு வெத இல்லபா. பல்ல நட்டா அதே செடிதான் திரும்பி வரும். எல்லாம் ஒரே ரகமா இருந்தா, ஒரு நோவு வந்தா மொத்தமும் காலி."

அடுத்த மார்கழியில் புயல் மழை விட்டபோது, பெரிய ரகத்தின் இலையெல்லாம் கருகிக் கிடந்தது. சின்னது பச்சையாக நின்றது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த ஆவணியில் ஷிப்டு முடிந்து வரும்போது, கம்பெனி பஸ்ஸில் என் தோளிலேயே சாய்ந்து போய்விட்டாய். ஐப்பசியில் உன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, அன்னிக்கு காரியத்துக்கு வந்த பால் பாக்கெட்டு வெக்க ஃபிரிட்ஜில எடம் பத்தல. அவரு தனித்தனியா வெச்சிருந்த மூணு பூண்டு கவரையும் ஒரே டப்பாவுல கொட்டிட்டேன். எல்லாம் பூண்டுதானேன்னு நெனச்சேன். தப்பாண்ணா?"

"இல்லம்மா" என்றேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டப்பாவை வாங்கி வந்து தட்டில் கொட்டினேன். பெரியதும் சின்னதும் கலந்து கிடந்தது. போன வருஷம் விளைச்சல் குறைவென்று சின்னதையும் கழிக்காமல் விதைக்கு வைத்திருக்கிறாய். அப்படியானால் இந்தச் சின்னப் பல் பெரிய ரகத்தில் ஊட்டமில்லாமல் போனதா, இல்லை ஒடிசாக்காரனுடையதா? உன் சட்டப்படி பெரியதை மட்டும் நட்டால், புயலில் நின்ற ரகம் குழம்புக்குப் போய்விடும். எல்லாவற்றையும் நட்டால் நீ இத்தனை வருஷம் பொறுக்கியதெல்லாம் கலந்துவிடும். இந்தக் கார்த்திகையில் நடாவிட்டால் எல்லாமே காய்ந்து சருகாகிவிடும். உன்னைக் கேட்க முடியாதது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

இன்று காலையும் இதையே யோசித்துக்கொண்டு டீயைக் குடித்தேன். சமையலறையில் டக் டக்கென்று இடிக்கும் சத்தம். ஓடினேன். "ரசத்துக்கு நாலே நாலு சின்ன பல்லுதான் எடுத்தேன்" என்றாள் என் மனைவி. மூன்றைப் பிடுங்கிக்கொண்டேன். ஒன்று நசுங்கிவிட்டிருந்தது.

"சின்னதுதானேய்யா?"

"எது சின்னதுன்னே தெரியலமா."

"பைத்தியம் புடிச்சிக்கீது உனக்கு" என்று ரசத்தைக் கொதிக்கவிட்டாள்.

மத்தியானம் அந்த ரசத்தைச் சாப்பிட்டேன். நசுங்கியது உன் செல்ல ரகமோ என்னமோ. கண்ணில் நீர் வந்தது, மிளகு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். மழை விட்டதும் பெரியது சின்னது பார்க்காமல் எல்லாவற்றையும் உன் நிலத்திலேயே நடப்போகிறேன். சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. டப்பாவுக்குள் எது நீ காப்பாற்ற நினைத்ததென்று தெரிகிறவரை, எங்கள் வீட்டு ரசத்துக்குக் கடைப் பூண்டுதான்.