நீங்கள் தேத்தண்ணிக்கு எழும்பிய ஆட்டம்

அன்புக்குரிய அலஸ்டர் அங்கிள்,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'காணும்', அதாவது போதும். அதுவும் அம்மா சோறு போடப் போடத் தற்காப்புக்காகப் பழகியது. பரவாயில்லை, ஆங்கிலத்தில் எழுதினாலும் இனி நீங்கள் வாசிக்கப்போவதில்லை. எனக்குச் சரியான களைப்பு. களைத்தால் எனக்கு இந்த மொழிதான் வருகிறது.

முதலில் ஊர்ப் புதினம். வெக்ஸ்போர்டில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் திரும்பவும் பழுது. உங்கள் வீட்டில் மன்னார்க் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. நடைபாதை முழுக்க மீன் பொரிக்கிற மணம். நூலகத்தில் வியாழக்கிழமை செஸ் கூட்டம் நடக்கிறது. உங்கள் கதிரையை இன்னும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த கிழமையே ஒருவர் வந்து இருந்துவிட்டார்.

உங்களைத் தெரியாதவர்கள் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் இளவயதில் ஸ்கொட்லாந்தின் செஸ் சம்பியன். கிராண்ட்மாஸ்டர் ஆக முயன்று ஆகாமல் போனவர். பிறகு செஸ் பற்றி எழுதியே சீவித்தவர். வயதான காலத்தில் மகளோடு இருக்க ரொறொன்ரோ வந்து எங்கள் மாடியில் குடியேறினீர்கள். உங்கள் புத்தகங்களில் நீங்கள் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை, உங்களுக்கே கூட. 'இங்கே நான் சோம்பல்பட்டேன்', 'இங்கே எனக்குப் பயம்' என்று உங்கள் தோல்விகளுக்குக் கீழே நீங்களே எழுதினீர்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

எனக்கு நீங்கள் செஸ் சொல்லித் தரவில்லை. "உனக்கு வராது" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நான் மென்பொருள் சோதிக்கிறவன், பிழை பிடிப்பது என் வேலை. உங்களுக்கு ஆட்டங்களைக் கணினியில் போட்டுப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான் எங்கள் உறவு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் ஆடிய ஆட்டங்களின் தொகுப்பு மறுபதிப்பாக வருகிறது. எல்லா ஆட்டங்களையும் கணினியில் சரிபார்த்துத் தரும்படி உங்கள் மகள் மொய்ரா என்னிடம் கேட்டாள். வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு அதில் குந்துவேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் மிர்கோவோடு நீங்கள் ஆடிய ஆட்டத்துக்கு வந்தேன்.

நீங்கள் வென்ற ஒரேயொரு கிராண்ட்மாஸ்டர் யூகோஸ்லாவியாவின் மிர்கோதான். அந்த ஆட்டத்தில் உங்கள் குதிரையைச் சும்மா கொடுத்தீர்கள். அவர் அதை வெட்டி, ராஜாவை மூலைக்குள் ஒளித்தார். அங்கேயே வைத்து நெரித்தீர்கள். அந்த நகர்வுக்கு நீங்களே இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள்; செஸ் புத்தகங்களில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. உங்கள் மரண அறிவித்தலில்கூட மொய்ரா அந்தப் பலகையின் படத்தைத்தான் அச்சடித்திருந்தாள்.

குதிரையைக் கொடுத்தது பிழை, அங்கிள். ராஜா மூலைக்குப் போகாமல் பலகையின் நடுவுக்கு நடந்து வந்திருந்தால் உங்கள் தாக்குதல் அதோடு சரி. நீங்கள் தோற்றிருப்பீர்கள். கணினியின் செஸ் புரோகிராம் அப்படித்தான் சொன்னது. நம்பாமல் இன்னொரு புரோகிராமில் போட்டேன். அதுவும் அதையே சொன்னது.

மொய்ராவுக்குப் போன் எடுத்தேன்.

"அதை எழுதாதே, நிரூ," என்றாள். "அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரு ஆட்டம்."

"பிழை பிழைதானே, மொய்ரா."

"அவர் உனக்கு ஒரு புரோகிராம் இல்லை." வைத்துவிட்டாள்.

அம்மா பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. "செத்த மனுசனோட உனக்கு என்னடா வழக்கு? வெண்டவர் வெண்டவர்தானே."

"அம்மா, அவர் தன்ர பிழை எல்லாத்தையும் தானே எழுதினவர். இதை மறைச்சா அது அவற்ர புத்தகமே இல்லை."

"அப்ப அந்த அண்ணையைக் கேட்டுப்போட்டு எழுது."

"எப்பிடியம்மா கேக்கிறது?"

"நீதானே பெரிய கெட்டிக்காரன். கேள்."

எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில்தான் உங்கள் வழக்கம் ஞாபகம் வந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் பலகையடியில் இருந்து முதலிலிருந்து பேசிப் பார்க்க வேண்டும். தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும். தோற்றவரைக் கேளாமல் எந்த ஆட்டத்தைப் பற்றியும் எழுதமாட்டீர்கள். மிர்கோவோடு மட்டும் அது நடக்கவில்லை. அவர் கைகொடுத்துவிட்டு நேரே வெளியே போய்விட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவரைத் தேடினேன். உயிரோடு இருக்கிறார், அங்கிள். பெல்கிரேட்டில் பேத்தியோடு. வீடியோவில் பேசினோம், பேத்திதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உங்கள் சாவைச் சொன்னேன், தலையைக் குனிந்தார். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "ராஜாவை ஏன் நடுவுக்குக் கொண்டுவரவில்லை?" என்று கேட்டேன்.

உடைந்த ஆங்கிலத்தில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அந்த நகர்வை நான் அங்கேயே கண்டேன். ஆனால் அந்த மனிதர் குதிரையை வைத்த கையோடு எழும்பித் தேநீர் எடுக்கப் போனார். திரும்பியும் பார்க்கவில்லை. இப்படி நடக்கிறவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார் என்று நினைத்தேன். பயந்து ஒளித்தேன்." பிறகு, "இத்தனை வருசமும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை," என்றார்.

திரும்பவும் மொய்ராவுக்கு எடுத்தேன். மிர்கோ சொன்னதை அப்படியே சொன்னேன். சிரித்தாள்.

"தேநீரா? கை நடுங்கினதை அந்த ஆள் காணக்கூடாது என்றுதான் அப்பா எழும்பினவர். கோப்பையைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டாராம். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்." மூக்கை உறிஞ்சினாள். "எழுது, நிரூ. எல்லாவற்றையும் எழுது."

புரோகிராமுக்குக் கை நடுங்காது. அதனால் அதற்கு இந்த ஆட்டத்தில் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நானும் துள்ளினேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. எழும்பும்போது ராஜாவின் அந்த வழியை நீங்களும் கண்டுவிட்டீர்களா? அதனால்தான் கை நடுங்கியதா? வீட்டில் சொல்லிச் சிரித்த கதையை ஏன் புத்தகத்தில் எழுதவில்லை? உங்களை இதைக் கேட்க எனக்கு வழியில்லை. அதுதான் இப்போது பெரிய களைப்பு.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் தொடமாட்டேன். ஆச்சரியக்குறி இரண்டும் அப்படியே இருக்கும். அதன் கீழே முதலில் மிர்கோ பேசுவார், தோற்றவர் அவர்தானே. பிறகு புரோகிராம். கடைசியில் உங்கள் முறை. நீங்கள் இல்லாதபடியால் மொய்ரா பேசுவாள். இடம் காணாது என்று பதிப்பகத்தார் சொன்னால் என் பெயரை வெட்டட்டும். தேத்தண்ணியை வெட்ட விடமாட்டேன்.

அம்மா உங்களை அண்ணை என்று கூப்பிட்டதால், முறைக்கு உங்கள் மருமகன்,
நிரூபன்